ஐந்து டம்ளர் பானகம்

இதை எழுத வேண்டும் என்று நோட்டை எடுத்ததும், இன்றைக்கு வேண்டாம் என்று மூடி வைத்ததும் எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. வருஷக்கணக்காக இதே பாடுதான். கோயிலுக்குப் போய் அம்பாள் முன்னால் நின்று, "தாயே, இந்த வாரம் எழுதிவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு வருவேன். வீட்டு வாசலை மிதித்ததும் பயம் வந்துவிடும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கோர்வையாக எழுத வராதே என்ற பயம் கொஞ்சம். என் தம்பி மனைவி காதுக்கு இது போய்விடுமே என்ற பயம்தான் அதிகம். போன ஆவணியில் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி யாருக்காக மறைப்பது?

எங்கள் ஊர் பஜாரில் இன்றைக்கும் ஒரு கதை சொல்லுவார்கள். வெள்ளைக்காரன் ஒருவன் வந்தான், ருசி பார்ப்பதில் பெரிய புலி என்றான், ஐந்து டம்ளர் பானகத்தை வைத்ததும் தோற்று ஓடிப்போனான் என்று. கேட்பவர்கள் சிரிப்பார்கள். அந்தக் கதையைக் கட்டிவிட்டவன் நான். அது பொய்.

என் தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன். எனக்கு ஏறாத படிப்பு அவனுக்கு ஏறியது. இங்கிலீஷ் நன்றாகப் பேசுவான். எனக்கு மேலநீலிதநல்லூர்ப் பக்கம் இருக்கும் புஞ்சைக்காடு போதும் என்று இருந்துவிட்டேன். அவனுக்குப் போதவில்லை. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் மலாயாவுக்குக் கப்பலேறினான். அங்கே ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை. ஆபீஸ் குமாஸ்தாவை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்களாம். மாதம் தவறாமல் கடிதம் வரும். யுத்தம் வந்து, ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் கடிதம் நின்றது. பிறகு ஒன்றுமே இல்லை.

யுத்தம் முடிந்து ஆட்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். தம்பி வரவில்லை. தம்பியைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு மட்டும் ஆட்கள் வந்தார்கள். ராயகிரிக்காரன் ஒருவன், ரங்கூனில் தாடியோடு பார்த்தேன் என்றான். எங்கள் வீட்டில் இரண்டு நாள் சாப்பிட்டான். போகும்போது வேட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போனான். சிவகிரிப் பக்கத்துக்காரன் ஒருவன், சயாம் நாட்டுப் பெண்ணைக் கட்டி இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறான் என்றான். "நெத்தியில தழும்பு இருக்குமே, அது எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "வலப்பக்கம் அண்ணாச்சி" என்றான் யோசிக்காமல். தம்பிக்கு நெற்றியில் தழும்பே கிடையாது.

அன்றிலிருந்து யார் வந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். எப்படிப் பொறி வைப்பது என்பதிலேயே புத்தி போகும்.

இவ்வளவுக்கும் நடுவில் தம்பி மனைவி பொட்டும் பூவுமாக இருந்தாள். குழந்தை இல்லை. எங்கள் அம்மா காலமான பிறகு பூஜைக்கு வேண்டிய காரியங்களையெல்லாம் அவள்தான் எடுத்துச் செய்தாள். வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் வீட்டு அம்பாள் படத்துக்குப் பானகம் வைத்துக் கும்பிடுவது வழக்கம். புருஷன் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்வது அந்தப் பானகத்தின் முன்னால்தான்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார் வேர்க்க விறுவிறுக்க என்னைத் தேடிக் காட்டுக்கே வந்துவிட்டார். என் தம்பியோடு கூடப் படித்தவர். நல்ல மனுஷர்.

"அண்ணாச்சி, ஒரு வெள்ளைக்காரர் ரயில விட்டு இறங்கி உங்க தம்பி பேரச் சொல்லி விசாரிச்சுக்கிட்டு நின்னாரு. ஸ்டேஷன்ல எங்கிட்ட அனுப்பி வச்சிட்டாவ. இப்ப என் வீட்டுலதான் இருக்காரு."

"வெள்ளைக்காரனா? அவனுவ மூட்டை கட்டிட்டுப் போயி எத்தனை வருஷமாச்சு. இவன் என்னத்த மறந்து வச்சிட்டுப் போனானாம்?"

"இவரு இங்கிலாந்து இல்ல. ஆஸ்திரேலியா."

"என்ன ஜோலி பாக்காரு?"

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "பத்திரிகையில எழுதுதாரு."

"எதப் பத்தி?"

"ஒயினப் பத்தி. திராட்சைப் பழத்தப் புளிக்க வச்சுச் செய்வாங்கல்லா, அது. எது நல்லாருக்கு, எது நல்லால்லன்னு ருசி பாத்து எழுதுவாராம். வாராவாரம் வருமாம்."

"சாராயம் குடிச்சிட்டு அதப் பத்தி எழுத ஒரு பத்திரிகையா? நல்லாருக்குவே அந்த ஊரு."

"குடிக்கதில்ல அண்ணாச்சி. வாயில வச்சிட்டுத் துப்பிருவாராம்."

"துப்புததுக்கா சம்பளம் குடுக்கான்? அப்படின்னா நம்ம பஜார்ல வெத்தலை போடுதவன் பூராம் மச்சு வீடு கட்டியிருக்கணுமே!"

வாத்தியார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதுவிலக்கு வந்து, கள்ளுக்கடை இருந்த இடத்தில் புல் முளைத்துக் கிடந்த காலம் அது. சாராய வாடை என்றாலே குளிக்கிற குடும்பம் எங்களுடையது. அப்படிப்பட்ட தொழில் செய்கிறவன் வாயில் என் தம்பி பேர் எப்படி வந்தது? வேட்டிக்கும் சாப்பாட்டுக்கும் வந்தவர்களையாவது புரிந்துகொள்ளலாம். கடல் தாண்டி வந்தவன் என்ன வேண்டி வருவான்?

அவரை என் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானே வாத்தியார் வீட்டுக்குப் போனேன். ஒடிசலான நெட்டை ஆள். நாற்பது வயது இருக்கும். வெயிலில் காது இரண்டும் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, கையைக் கூப்பினார். நானும் கூப்பினேன். கூப்பிய சாக்கில் ஒரு எட்டு முன்னால் போய் அவர் வாயை மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. காலையிலேயே வாய் கொப்பளித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொல்லச் சொல்ல வாத்தியார் தமிழில் சொன்னார். அவருடைய பத்திரிகை பிரான்ஸ் தேசத்து ஒயினை ருசி பார்த்து எழுத அவரை அனுப்பியிருக்கிறது. கப்பல் கொழும்பில் நின்றபோது இறங்கி, தனுஷ்கோடி வழியாக ரயிலேறி வந்திருக்கிறார். அடுத்த கப்பலைப் பிடிக்க இரண்டு நாளில் திரும்ப வேண்டும். இந்த மாகாணத்தில் மதுவுக்குத் தடை என்று தெரிந்து, கையில் இருந்த பாட்டில்களைக் கொழும்பு ஓட்டலிலேயே வைத்துவிட்டு வந்தாராம்.

"பையத் திறந்து காட்டச் சொல்லும்வே" என்றேன்.

"அண்ணாச்சி, விருந்தாளிகிட்ட எப்படிக் கேக்க?"

அவருக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. தானே பையைத் திறந்து தரையில் கவிழ்த்தார். இரண்டு சட்டை, சவரக் கத்தி, நாலைந்து நோட்டு. அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

யுத்தத்தில் அவர் சிப்பாயாக இருந்து ஜப்பான்காரனிடம் கைதியானவர். சயாமில் காட்டுக்குள் ரயில் பாதை போடக் கொண்டுபோன கைதிகளில் ஒருவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஜனங்களையும் ஆயிரக்கணக்கில் அங்கே இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். நம் ஆட்கள் இருந்த முகாமில் வாந்திபேதி பரவியபோது, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இவரை அனுப்பினார்களாம். அங்கே இங்கிலீஷும் தமிழும் தெரிந்தவன் என்று இவருக்குத் துணையாக நின்றவன் என் தம்பி. ஏழு மாதம் இரண்டு பேரும் ஒரே குடிசையில் இருந்தார்களாம். பிறகு வாந்திபேதி தம்பியையும் பிடித்தது. மூன்றாம் நாள் போய்விட்டான்.

வாத்தியார் அதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அசையவில்லை. கேட்ட கதைகளில் இதுவும் ஒன்று.

"நெத்தியில ஒரு தழும்பு இருக்குமே, எந்தப் பக்கம்னு கேளும்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்தார். பிறகு தலையை ஆட்டினார். தழும்பு எதுவும் தனக்கு நினைவில்லை என்றார். இல்லை என்று அடித்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நினைவில்லை என்பதும் ஒரு தந்திரம்தானே என்று என் மனசு சொன்னது.

அவர் தொழிலைப் பற்றிக் கிண்டிக் கிண்டிக் கேட்டேன். ஏமாற்றுக்காரன் தொழிலைப் பற்றிப் பேசும்போது எங்கேயாவது சறுக்குவான் என்பது என் கணக்கு. அவர் சறுக்கவில்லை. ஊருக்குத் திரும்பியபோது எலும்பும் தோலுமாக இருந்தாராம். ஒயின் செய்கிற இடத்தில் பீப்பாய் கழுவுகிற வேலை கிடைத்தது. கழுவும்போதே ஒவ்வொரு பீப்பாயையும் மோந்து, எதில் என்ன வாசம் என்று நோட்டில் எழுதி வைத்தார். அதை ஒரு பத்திரிகைக்காரர் பார்த்து, இதையே எனக்கு எழுதிக்கொடு என்றாராம். அப்படி ஆரம்பித்தது.

"எழுத எங்கன படிச்சாராம்?" என்று கேட்டேன்.

வாத்தியார் கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார். "உங்க தம்பிகிட்டன்னு சொல்லுதாரு."

முகாமில் பசி நேரத்தில் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவார்களாம். மற்றவர்கள், ஆகா, ஓகோ என்பார்கள். என் தம்பி அப்படிச் சொல்லமாட்டானாம். முதலில் மூக்குக்கு எது வரும், நாக்கு நுனியில் எது படும், விழுங்கிய பிறகு எது தங்கும் என்று வரிசையாகச் சொல்வானாம். கேட்டால் வாயில் வைத்தது போலவே இருக்குமாம். "அந்த வரிசையிலதான் இவரு இன்னைக்கும் பத்திரிகையில எழுதுதாராம். அங்க எல்லாரும் இவரு பிரான்ஸ்ல கத்துக்கிட்டாருன்னு நினைச்சுக்கிட்டு இருக்காவளாம்."

முகஸ்துதி, என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொன்னார். பெரிய திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் அவரைக் கூப்பிட்டு விருந்து வைத்து, நம் சரக்கைப் பற்றி நல்லபடியாக எழுது என்றாராம். இவர் ருசித்துவிட்டு, இதில் பழமே இல்லை, பீப்பாய் மரம் மட்டும்தான் இருக்கிறது என்று எழுதிவிட்டார். வேலை போய்விட்டது. எட்டு மாதம் மறுபடி பீப்பாய் கழுவினாராம். டம்ளரில் இல்லாததை இருக்கிறது என்று எழுதிவிட்டால், அதற்குப் பிறகு இருப்பதை எழுதினாலும் யார் நம்புவார்கள் என்றார்.

"அவருக்கு அவரே சர்ட்டிபிகேட் குடுத்துக்கிடுதாராக்கும்?" என்றேன். வாத்தியார் அதை மொழிபெயர்க்கவில்லை.

கடைசியாக, வந்த காரியத்தைச் சொன்னார். தம்பி சாவைச் சொல்ல வேண்டியது ஒன்று. மற்றது, எங்கள் வீட்டுப் பானகத்தைக் குடித்துப் பார்க்க வேண்டும். தம்பி அதைத்தான் அதிகமாகச் சொல்வானாம். குடித்ததே இல்லை, ஆனால் வாயில் பட்டால் தெரியும் என்றார்.

எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. "அதுல என்னென்ன சேரும்னு தம்பி சொன்னான்? சொல்லச் சொல்லும் பாப்போம்."

அவர் மாட்டேன் என்றார். ருசி பார்ப்பதற்கு முன்னால் எதைத் தேடுகிறோம் என்று வாயைத் திறக்கக் கூடாதாம். அவர் ஊரில் பாட்டிலுக்குத் துணி சுற்றி, பெயர் தெரியாமல்தான் ருசி பார்ப்பாராம். முன்னாலேயே சொல்லிவிட்டால் நாக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும் என்றார்.

நழுவுகிறான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. "சரிவே, நாளைக் காலையில அஞ்சு விதப் பானகம் கொண்டுவாரேன். எங்க வீட்டுது எதுன்னு சொல்லட்டும்" என்று எழுந்தேன். அவர் முகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒரு சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் நின்றுகொண்டு தம்பி மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்வது வழக்கமில்லை.

"ஏம்மா, காலையில அஞ்சு விதமாப் பானகம் வேணும். ஆனா நம்ம வீட்டுப் பானகம் அதுல ஒண்ணும் இருக்கக் கூடாது."

"சாமிக்கு இல்லையா அத்தான்?"

"இல்லம்மா."

"வெள்ளைக்காரர் வந்திருக்காராம்லா. தண்ணிக்குப் போன இடத்துல சொன்னாவ." கொஞ்சம் நிறுத்தி, "அவியளப் பத்தி என்ன சொல்லுதாரு?" என்றாள்.

"எல்லாரும் சொன்ன மாதிரி ஒரு கதை சொல்லுதாரு. உயிரோட இல்லன்னு சொல்லுதாரு. நான் நம்பல. நம்ம பானகத்த வாயில வச்சா தெரியும்னு சொல்லுதாரு. அஞ்சுல எதையாவது ஒண்ணக் காட்டி இதுதான்னு சொல்லிட்டாருன்னா ஆளு பொய்யி. அத்தோட அனுப்பிருவேன்."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது.

"ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டாருன்னா, அத்தான்?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

காலையில் ஐந்து செம்பில் அவள் கலந்து வைத்திருந்தாள். ஒன்று வெல்லமும் எலுமிச்சையும். ஒன்று கருப்பட்டியில், சுக்கு இல்லாமல். மூன்றாவது எங்கள் வீட்டுப் பானகத்துக்குக் கிட்டே வரும். கருப்பட்டி, எலுமிச்சை, ஏலக்காய், சுக்கு எல்லாம் உண்டு. நாலாவது சீனி. ஐந்தாவது புளி. அதோடு நான் ஐந்து தேங்காய்ச் சிரட்டையும் எடுத்துக்கொண்டேன். வாயில் வைத்து எச்சில் பண்ணுகிறவருக்கு வீட்டுப் பாத்திரம் எதற்கு என்று. தீண்டக் கூடாது என்று ஒதுக்கி வைத்தவர்களுக்குத்தான் அந்தக் காலத்தில் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள். அப்படிக் கொடுப்பதே பாவம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவர் சிரட்டையை எடுத்து மோந்தார். கோபப்படவில்லை. "தேங்கா வாசம் முந்திக்கிட்டு வருதாம் அண்ணாச்சி, மத்தது தெரியாதாம்" என்ற வாத்தியார், உள்ளே போய்க் கண்ணாடி டம்ளர்களை எடுத்துவந்து தானே ஊற்றி வைத்தார். எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது.

ஒவ்வொன்றையும் அவர் முதலில் மூக்கருகில் வைத்திருந்தார். எனக்கு உடம்பு கூசியது. சாமிக்கு வைக்கிற பூவைக்கூட மோந்து பார்க்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான். பிறகு ஒரு வாய். வாயிலேயே உருட்டுவார். வாசலில் இறங்கி முருங்கை மரத்து மூட்டில் துப்புவார். தண்ணீரில் கொப்பளிப்பார். ஒரு கைப்பிடிப் பொரியை மெல்லுவார். நோட்டில் எழுதுவார். பிறகு அடுத்தது. குடிகாரனுடைய அவசரம் அவரிடம் இல்லை. அர்ச்சகர் அபிஷேகம் செய்கிற நிதானம்தான் இருந்தது. இப்படிச் சொல்லலாமோ கூடாதோ, எனக்கு அப்படித்தான் பட்டது.

மூன்றாவதுக்கு வந்தார். கண்ணை மூடினார். துப்பாமல் விழுங்கினார். மறுபடி ஒரு வாய். அவர் கண்ணோரம் நனைந்தது. விழுந்தான் என்று நினைத்தேன். தாயே, மூன்றாவதைச் சொல்லட்டும், இவன் பொய்யனாக இருக்கட்டும், என் தம்பி எங்கேயாவது தாடியோடோ சயாமியப் பெண்ணோடோ இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

ஐந்தையும் முடித்து, மறுபடி மூன்றாவதற்கு வந்து, கடைசியில் டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டே வார்த்தை சொன்னார். வாத்தியார் என்னைப் பார்த்தார்.

"இதுல எதுவும் இல்லையாம் அண்ணாச்சி."

"நல்லாப் பாக்கச் சொல்லும்வே. மூணாவத…"

"மூணாவது கிட்ட வருதாம். ஆனா சுக்க நெருப்புல சுடாமப் போட்டிருக்காம். உங்க தம்பி சொன்னதுல முதல்ல புகை வாசம் வருமாம். பொறவு கருப்பட்டி, பொறவு எலுமிச்சை. எல்லாம் உள்ள போன பொறவு நாக்கு ஓரத்துல உப்பு நிக்குமாம். உங்க அம்மா பச்சைக் கற்பூரம்னு நினைச்சு உப்பப் போட்டுட்டாவளாமே?"

அது எங்கள் வீட்டுக்கு வெளியே போகாத செய்தி. படைப்பதற்கு முன்னால் பிரசாதத்தை யாரும் ருசி பார்க்கக் கூடாது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா அவசரத்தில் பச்சைக் கற்பூரத்துக்குப் பதிலாகப் பொடி உப்பைப் போட்டுவிட்டாள். படைத்துவிட்டுக் குடிக்கும்போதுதான் தெரிந்தது. அம்மா பயந்து அழுதாள். அப்பா, "அம்பாள் ஏத்துக்கிட்டா. ஏத்துக்கிட்டதத் தப்புன்னு சொல்ல நாம யாரு? இனிமே அதுதான் நம்ம வீட்டு முறை" என்றார். அன்றிலிருந்து எங்கள் பானகத்தில் ஒரு சிட்டிகை உப்பு உண்டு. வெளியாளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்வதில்லை.

இதைத் தம்பி சொல்லாமல் இவருக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

அவர் நோட்டுக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். தம்பி போன தேதி. பொழுது விடிகிற நேரம் என்றும் எழுதியிருந்தது. வாந்திபேதியில் போனவர்களை எரிப்பதுதான் அங்கே முறையாம். நெருப்பு வைத்தது தான்தான், வேறு யாரும் நிற்க முடியவில்லை, அது தன் கையால் நடந்திருக்கக் கூடாது என்று தெரியும், மன்னிக்க வேண்டும் என்றார். நான் வைக்க வேண்டிய கொள்ளியை வைத்தவருக்குத்தான் சிரட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். இப்போதாவது உண்மையான பானகம் ஒரு வாய் கிடைக்குமா?

அதைச் செய்ய வேண்டியவள் தம்பி மனைவி. அவளிடம் போய்க் கேட்டால், எதற்கு என்பாள். அதற்குப் பதில் ஒன்றுதான்.

"இன்னைக்கு புதன்கிழமை. வெள்ளிக்கிழமைதான் செய்வோம்னு சொல்லும்" என்றேன்.

"அண்ணாச்சி, ஒரு நாள் மாத்திச் செஞ்சா சாமி கோவிச்சுக்கிடுமா?"

"எங்க வீட்டுச் சாமிய எனக்குத் தெரியும்வே."

வாத்தியார் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார். இரண்டாம் தடவை கேட்கவில்லை. அன்று சாயங்கால ரயிலில் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"எதச் சொன்னாரு அத்தான்?"

வழி நெடுக நான் வேறொன்று சொல்லத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வாயில் வந்தது இதுதான். "மூணாவது."

"அப்படியா" என்றாள். காலிச் செம்புகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சாயங்காலம் பூ வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

மறுநாள் வாத்தியாரிடம் போய், தோற்றுவிட்டார் என்றே ஊரில் சொல்லும்படி கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி இது? அந்த மனுஷன் கடல் தாண்டி வந்து உள்ளதச் சொல்லிட்டுப் போயிருக்காரு. வேலை போனாலும் இல்லாததச் சொல்லமாட்டேன்னவரு. அவரப் போயி…"

"ஒரு பொம்பள கழுத்து விஷயம்வே. நான் போயி அந்தத் தாலியக் கழத்தச் சொல்லணுமா? உம்மால முடியுமா?"

அவர் ஒத்துக்கொண்டார். கேட்டவர்களிடம், "ஆமா, தப்பாத்தான் சொன்னாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மிச்சத்தைப் பஜார் சேர்த்துக்கொண்டது. பானகத்திலேயே அவருக்குப் போதை ஏறிவிட்டது என்றுகூடச் சொன்னார்கள்.

அந்தக் காகிதத்தைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்துத் திதியைக் கண்டுபிடித்தேன். பிள்ளை இல்லாத தம்பிக்கு நான்தானே செய்ய வேண்டும். ஆனி மாதம் அந்தத் திதியன்று பஸ் ஏறிப் பாபநாசம் போய், ஆற்றில் முங்கி, தர்ப்பணம் செய்துவிட்டு வருவேன். வீட்டில், விதை பார்க்கப் போகிறேன் என்பேன். என் மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "வருஷா வருஷம் ஆனியில அங்கன என்ன விதை? எவ வீட்டுக்குப் போறிய?" என்று சண்டை போடுவாள். பிறரைச் சந்தேகப்பட்டதற்கு இது கூலி என்று கேட்டுக்கொள்வேன்.

நாலாம் வருஷம் ஆற்றங்கரையில் பையைத் திறந்தபோது, துண்டுக்கு அடியில் சின்னத் துணி முடிச்சு ஒன்று இருந்தது. அவிழ்த்தேன். எள். கழுவிக் காயவைத்த கறுப்பு எள். அதை நான் வாங்கவில்லை. விதை பார்க்கப் போகிறேன் என்பதை நம்பாத என் மனைவி வைத்திருக்கவும் மாட்டாள்.

திரும்பி வந்து பையைத் தயங்கியபடி கீழே வைத்தேன். தம்பி மனைவி வந்து எடுத்துக்கொண்டு போய், துண்டை அலசிக் காயப்போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஆனியிலும் பையில் எள் இருக்கும். பொட்டும் தாலியும் அப்படியே இருந்தன. வெள்ளிக்கிழமைப் பானகமும் நிற்கவில்லை.

அவளுக்கு எப்போது தெரிந்தது? மூணாவது என்று நான் சொன்ன அன்றைக்கே, என் குரலிலேயே தெரிந்துவிட்டதா? தெரிந்தும் ஏன் கழற்றவில்லை? ஊருக்குப் பயந்தா, அல்லது அத்தான் சொன்ன பொய் உடையக் கூடாது என்று என்னைக் காப்பாற்றவா? எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டு, ஒரு வழியாகத் தீர்த்துக்கொண்டவன் நான். இந்த ஒரு சந்தேகம் தீரவில்லை. கேட்டிருக்கலாம். நடுவில் அந்தக் கதவு இருந்தது.

போன ஆவணியில் அவளைச் சிவப்புச் சேலை கட்டித்தான் அனுப்பினோம். தெருப் பெண்கள் வந்து அவள் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டார்கள். நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இது பாவமா என்று அம்பாளிடம் கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லும்வரை காத்திருக்க எனக்கு வயசு இல்லை.

அதனால் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமாவது சொன்னால் இதில் உள்ளபடியே சொல்லுங்கள். என்னை நல்லவனாக்க ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். அவரைச் சிரிப்பாக்க ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். முக்கியமாக எங்கள் பஜாரில் சொல்லுங்கள். அந்த ஆஸ்திரேலியாக்காரர் ஐந்து டம்ளரையும் ருசி பார்த்தார். எதிலும் இல்லை என்றார். அவர் சொன்னது சரி. அவர் கேட்டு வந்த பானகத்தை அவருக்கு ஒரு வாய் கொடுக்கவில்லை. கொடுக்காதது நான்.